பாகாயமும் துணைக்கு வந்தவர்களும்

காட்பாடி ரயிலடியில் இறங்கி ஒன்றாம் எண் பேருந்திலோ இரண்டாம் எண் பேருந்திலோ ஏறி உட்கார்ந்தால், பாலாற்றைக் கடந்து வேலூருக்குள் நுழைந்து, சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் பாதிக் கூட்டத்தை இறக்கிவிட்டு, மிச்சக் கூட்டத்தோடு தெற்கே குன்றுகளின் அடிவாரத்தை நோக்கிச் செல்லும் அந்த வண்டி, பாகாயத்தில் போய் நின்றுவிடும். ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிறவர்கள் உயிர் பிழைப்பதற்காக வருகிறவர்கள். அவர்களுடைய கதையும் அவர்களைக் காப்பாற்றிய கீர்த்திமிக்க மருத்துவர்களின் கதையும் பல புத்தகங்களில் பதிவாகியிருக்கின்றன. பாகாயம் வரை போகிறவர்களில் பலரோ, பிழைத்த பிறகு எப்படி வாழ்வது என்று தெரிந்துகொள்ளப் போகிறவர்கள். அவர்களோடு ஒரு தாயோ, மனைவியோ, தம்பியோ, மகளோ, தூக்குச்சட்டியும் பாயும் மருந்துச் சீட்டுகள் அடங்கிய நெகிழிப் பையுமாகத் துணைக்கு வந்திருப்பார். இந்தத் துணையாளை வைத்தியத்தின் ஓர் அங்கமாகவே ஏற்றுக்கொள்ளும் சம்பிரதாயம் இச்சிற்றூரில் எவ்வாறு வேரூன்றியது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் பிழைத்தவர்களின் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வீட்டாரின் தோளில் அவ்வளவு பாரத்தை இறக்கி வைக்கிற வியாதிகள் அதிகமில்லை.

வேலூர் மருத்துவத்தின் ஆதிக்கதையே குடும்பத்தின் வாசற்படியில்தான் தொடங்குகிறது. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் மருத்துவராயிருந்த தகப்பனாரிடம் வந்து தங்கியிருந்த 1890-களில், ஒரே இரவில் மூன்று குடும்பஸ்தர்கள், பிரசவ வேதனையில் கிடந்த தத்தம் மனைவியருக்கு உதவி கேட்டு ஒருவர்பின் ஒருவராக வந்ததும், ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்களைத் தொடலாகாது என்று திரும்பிப் போனதும், மூன்று பெண்களும் இறந்துபோனதும் வேலூரில் அனைவரும் அறிந்த செய்திகள். இக்கதையைச் சொல்வோர் அந்தக் கணவர்களை அறியாமையின் உருவங்களாகக் காட்டிவிட்டு மேலே போய்விடுவது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நள்ளிரவில் அயல்மதத்தவரின் வாசற்கதவைத் தட்டும் அளவுக்கு மனைவியின்மேல் பிரியமும் பதைப்பும் கொண்ட மனிதர்கள் அவர்கள்; அவர்களுடைய வீட்டுக்குள் நுழையக்கூடிய வைத்தியம் அன்றைக்கு இல்லாமற் போயிற்று. வைத்தியம் படித்து 1900-இல் திரும்பிவந்து, 1902-இல் ஷெல் ஆஸ்பத்திரியைத் திறந்து, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவிய ஐடா அம்மையார், வீட்டார் ஏற்றுக்கொள்ளாத சிகிச்சை எத்தனை உயர்ந்ததாயினும் பயனற்றுப்போகும் என்பதை அந்த ஓர் இரவிலேயே கற்றிருந்தார். பள்ளி, சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தபோது, அதற்கு ஊருக்குத் தெற்கே ஏறத்தாழ 7 கிலோமீட்டரில் பாகாயத்தில் விஸ்தாரமான வளாகம் அமைந்தது. நகரத்து நெரிசலில் இடங்கொள்ளாத பல புதிய முயற்சிகளுக்கு அந்த வளாகமும் அதன் சுற்றுப்புறமும் பிற்காலத்தில் இடங்கொடுத்தன.

மூளை அறுவைக்கு வருவோம். மூளையின் அடிப்பாகத்தில் ரத்தநாளங்கள் வளையமாகக் கூடும் இடத்தில், நாளத்தின் சுவர் மெலிந்த ஓரிடம், நைந்த சைக்கிள் டியூப் புடைத்துக்கொள்வது போல மெல்லமெல்லப் புடைக்கிறது. அனியூரிசம் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தப் புடைப்பு பெரும்பாலும் எவ்வித நோவும் தராமல் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு, ஒருநாள் வெடிக்கிறது. அன்றுவரை கண்டறியாத கடுமையோடு ஒரே நொடியில் தலைவலி இறங்குகிறது, வாந்தி வருகிறது, கழுத்து விறைக்கிறது, நினைவு தப்புகிறது. வெடித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இறந்துபோகின்றனர். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினரை, அதிலும் ஆண்களைக் காட்டிலும் பெண்களைச் சற்று அதிகமாக, இது பிடிக்கிறது. வீட்டைத் தாங்கி நிற்கிற வயது அது.

லிஸ்பன் நகரத்தில் ஏகாஸ் மோனிஸ் 1927-இல் மூளையின் ரத்தநாளங்களை எக்ஸ்ரே படத்தில் காணும் வழியைக் கண்டுபிடித்தார். 1937-இல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் ஒன்றைப் பூட்டி அதை முதன்முதலாக அடைத்தார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், கோட்டயத்துக்காரரும் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவருமான ஜேக்கப் சாண்டி, கனடாவில் மாண்ட்ரியல் நகரத்தில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1949-இல் வேலூரில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அப்படியொரு துறை தோன்றியது அதுவே முதல் தடவை. மறு ஆண்டில் சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். 1951-இல் இவ்விருவரும் பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். பின்னர் 1960-களில் ஜூரிச் நகரத்து யாசர்கில் அறுவையில் நுண்ணோக்கியைப் புகுத்தியதும், 1990-களின் தொடக்கத்தில் குக்லியெல்மி, தொடையின் ரத்தநாளம் வழியாகவே மெல்லிய பிளாட்டினச் சுருளைப் புடைப்புக்குள் செலுத்தி அடைக்கும் முறையைக் கொண்டுவந்ததும், பிழைப்போர் தொகையைப் பெருக்கின. பிழைத்தவர்கள் பெருகப் பெருக, எஞ்சிய வாழ்நாளை அவர்கள் எப்படிக் கழிப்பார்கள் என்ற கேள்வியும் பெருகிற்று. அதற்கு அறுவைக் கத்தியிடம் விடை கிடையாது.

அந்தக் கேள்வி குடும்பத்தை எட்டும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஷூவின் மேற்பகுதியைத் தைக்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். காலையில் கம்பெனி வண்டியில் ஏறி, மாலையில் இறங்கி, அடுப்பு மூட்டுகிற ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருத்தி. ரத்தக்குழாய் வெடித்து, அறுவை முடிந்து, கண்விழித்துவிட்டாள். சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டு, ‘கண்டம் தப்பியது’ என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். ஆனால் கசிந்த ரத்தம் சுற்றியுள்ள நாளங்களைச் சுருங்கச் செய்கிற அபாயம் நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை நீடிப்பதால், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நிமோடிபின் என்ற மாத்திரையை 21 நாள் தவறாமல் கொடுக்கவேண்டும். வீட்டுக்கு அனுப்பியபின் மிச்ச நாட்களுக்கு நள்ளிரவிலும் விடியற்காலையிலும் எழுந்து கொடுக்கிறவர் கணவரோ மகளோதான். அது முடிந்தபின்பே நிஜமான சோதனை ஆரம்பமாகிறது.

தட்டில் பரிமாறிய சோற்றில் வலப்பாதியை மட்டும் தின்றுவிட்டு, இடப்பாதி இருப்பதே தெரியாமல் கையைக் கழுவுகிறாள். காரணமின்றி அழுகிறாள், அதே நிமிஷத்தில் சிரிக்கிறாள். ரெண்டு பேர் பேசினால் களைத்துப்போய்ப் படுத்துக்கொள்கிறாள். மூளையின் முன்புறத்து இரு நாளங்களையும் இணைக்கும் சிறு நாளம் இப்புடைப்புக்கு மிகவும் இயல்பான இடங்களில் ஒன்று. அங்கே வெடித்தவர்களில் சிலருக்கு ஞாபகம் பழுதுபடுவதோடு, பழுதான இடத்தை மனம் தானாகவே இட்டுக்கட்டி நிரப்பிக்கொள்ளும் விசித்திரமும் நேரிடுகிறது. காலையிலிருந்து கட்டிலை விட்டு எழாதவள், தான் கம்பெனிக்குப் போய்வந்ததாகவும், சூப்பர்வைசர் திட்டியதாகவும் சாங்கோபாங்கமாகச் சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை. சொல்வது நடந்ததென்றே அவள் நிச்சயமாக நம்புகிறாள். இதை யாரும் எடுத்துச் சொல்லாத வீட்டில், ‘வேணும்னே பண்றா’ என்று மாமியாரும், ‘அம்மா ஆளே மாறிடுச்சு’ என்று பிள்ளைகளும் சொல்லத் தொடங்குகிறார்கள். கை கால் விளங்காமற் போனவருக்கு ஊர் இரங்கும்; சுபாவம் மாறிப்போனவருக்கு இரங்காது. நடக்கிறாள், பேசுகிறாள், அப்புறம் என்ன குறை என்று கேட்கும். இந்தக் கொடுமையைத் தனியே நின்று தாங்குவது குடும்பம்தான்.

இப்படிப்பட்ட குடும்பத்தை என்ன செய்வது என்ற விசாரம் பாகாயத்தில் முதலில் எழுந்தது மூளை நோயாளிகளின் பொருட்டன்று. 1946-இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மூலம் நிமிர்த்திய பிற்பாடு, அந்த விரல்களோடு அவர்கள் போய்ச் சேர வீடில்லை என்பதைக் கண்டார். பெற்றவர்களே வாசலை அடைத்திருந்தார்கள். ஆகவே 1951-இல் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை அமைத்து, நிமிர்ந்த விரல்களால் தொழில் பழக வழிசெய்தார். கையைச் சீர்செய்வது பாதி வேலைதான் என்ற ஞானம் பாகாயத்து மண்ணில் விழுந்தது அப்போது.

அடுத்து வந்தது 1957. கனடா நாட்டு மனநல மருத்துவர் பிளாரன்ஸ் நிக்கோல்ஸ் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோது, இத்தேசத்தில் மனநோயாளிகளுக்கென்று இருந்தவை பெரும்பாலும் உயர்ந்த மதில்களுக்குள் அடங்கிய பழைய ஆஸ்பத்திரிகள். உறவினர் வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவதே வழக்கம். போனவர்களில் பலர் திரும்பி வருவதில்லை. பாகாயத்திலோ, நோயாளியோடு வீட்டார் ஒருவராவது தங்கியாக வேண்டுமென்ற ஏற்பாடு வந்தது. சமைத்துக்கொண்டு, துவைத்துக்கொண்டு, நோயாளியைப் பார்த்துக்கொண்டு, மருத்துவரோடும் தாதியரோடும் உட்கார்ந்து பேசிக்கொண்டு, அவர்கள் வாரக்கணக்கில் தங்கினார்கள். இதே காலத்தை ஒட்டி வடக்கே அமிர்தசரஸில் வித்யா சாகர் என்ற மருத்துவர், இடப்பற்றாக்குறையின் நடுவே, மனநல ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்க வைத்திருந்தார். வேலூர் அனுபவத்தைப் பற்றிக் கோல்மேயரும் பெர்னாண்டஸும் எழுதிய கட்டுரை 1963-இல் அமெரிக்க மனநல மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. பார்வையாளர் நேரம் முடிந்ததும் மணியடித்து உறவினரை வெளியேற்றும் ஆஸ்பத்திரிகளையே அறிந்திருந்த மேல்நாட்டு வாசகர்களுக்கு, நோயாளியின் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பம் புதுமையாக இருந்திருக்க வேண்டும்.

இதில் பணத்தட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. போதிய தாதியர் இல்லாத நாட்டில் வீட்டாரின் கை இனாமாகக் கிடைத்தது. ஆனால் நம்முடைய பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் அன்றும் இன்றும் துணையாள் மருந்து வாங்கி வருவதற்கும் ஸ்டிரெச்சர் தள்ளுவதற்கும் மட்டுமே பயன்படுத்தப்படுகையில், பாகாயத்தில் அவருக்குக் கல்வி கொடுத்தார்கள். அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். தட்டுப்பாட்டினால் பிறந்ததை முறையான சிகிச்சையாக உயர்த்திய பெருமை அதனால் இவர்களுக்கே உரியது.

இந்த வழியை உடலின் ஊனத்துக்கும் மூளையின் ஊனத்துக்கும் நீட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1925-இல் கொச்சிப் பிரதேசத்தில் பிறந்து வேலூரில் பயின்று, மகப்பேறு மருத்துவத்தில் ஈடுபட விரும்பியிருந்த அந்த இளம் மருத்துவர், 1954-இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். நிற்க முடியாதவர் அறுவை செய்வது எப்படி? தொழுநோயாளிகளின் கைகளை உட்கார்ந்தபடியே அறுவை செய்யலாமே என்று பால் பிராண்ட் காட்டிய வழியில், சக்கர நாற்காலியில் இருந்தவாறே அவர் நூற்றுக்கணக்கான விரல்களை நிமிர்த்தினார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்பவரிடம், இரண்டாம் உலக யுத்தத்தில் ஊனமுற்ற வீரர்களை மீட்டெடுத்த அனுபவத்தில் வளர்ந்த மறுவாழ்வு மருத்துவத்தைப் பயின்று 1963-இல் திரும்பி, அத்துறைக்குத் தலைமையேற்று, 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையத்தைத் திறந்தார். டாரதி கிளார்க் வில்சன் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 1972-இல் அரசாங்கம் பத்மஸ்ரீ வழங்கிற்று. 1986-இல் அவர் காலமானார். இன்று அந்நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நோயாளியாகவும் மருத்துவராகவும் ஒருங்கே இருந்த ஒருவர் கட்டிய இடம் அது. முதுகுத்தண்டு முறிந்தவர்களும், பக்கவாதம் கண்டவர்களும், விபத்தினாலோ ரத்தக்கசிவினாலோ மூளை பழுதுபட்டவர்களும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், துணையாளோடு தங்கிப் பயில்கிறார்கள்.

துணையாள் முதலில் கற்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஆளை மாற்றுவது. பார்ப்பதற்குச் சாதாரணம். சக்கர நாற்காலியை நோயாளியின் நல்ல கைப் பக்கமாகக் கட்டிலை ஒட்டிச் சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டு, பலவீனமான முழங்காலுக்கு எதிரே தன் முழங்காலை முட்டுக்கொடுத்து, இடுப்பில் கட்டிய பட்டியைப் பிடித்து, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று சொல்லி, நோயாளியையே முன்னால் குனிந்து எழச் செய்து திருப்பி உட்கார வைக்க வேண்டும். விளங்காத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். பாசத்தோடு கையைப் பிடித்துத் தூக்கியே மனைவியின் தோளைக் கெடுத்த கணவர்கள் எத்தனையோ பேர். அடுத்தது சோறூட்டுதல். படுத்த வாக்கில் கஞ்சி ஊட்டுவது நம்முடைய பழக்கம். விழுங்கும் சக்தி குறைந்தவருக்கு அக்கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவாக முடியும். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றே கீழே தாழ்த்தச் சொல்லி, ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகே மறு வாய் கொடுக்க வேண்டும்.

ஞாபகம் தவறியவளுக்கு மருந்து நோட்டுப் புத்தகம்தான். கண்ணில் படும்படி தினசரிக் காலண்டர், எழுந்தது முதல் படுக்கும் வரை செய்தவற்றை அவள் கையாலேயே எழுதிய குறிப்பு, பொருள்களெல்லாம் அதனதன் இடத்தில். அவள் நடக்காததைச் சொல்லும்போது ‘பொய்’ என்று சண்டைக்குப் போகாமல், ‘நோட்டைப் பார்ப்போமா?’ என்று கேட்கக் கற்றுக்கொள்கிற கணவர், தம் குடித்தனத்தை மீட்டுக்கொள்கிறார். இடப்பக்கத்தைக் கவனிக்காதவளுக்கு அந்தப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து பேச வேண்டும். இவையெல்லாம் ஆயிரக்கணக்கான ரூபாய் பெறுமான கருவிகள் அல்ல. ஆனால் யாராவது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாக வேண்டியவை. சொல்லிக்கொடுப்பவருக்குப் பொறுமையும், கற்பவருக்கு அவகாசமும் வேண்டியவை.

இந்தத் தோல் தொழில் பிரதேசத்தின் கைத்திறனும் இந்த வரலாற்றோடு கலந்தது என்பதை விட்டுவிடலாகாது. ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்துவந்த வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் ராணிப்பேட்டையும் சூழ்ந்த இவ்விடத்தில், தோலைத் தறிக்கவும் தைக்கவும் வாரிழுக்கவும் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. உணர்விழந்த பாதம் புண்ணாகாதிருக்க, மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்புகளை பிராண்டும் அவருடைய சகாக்களும் வேலூரிலும், 1955 முதல் கரிகிரித் தொழுநோய் நிலையத்திலும் உருவாக்கினார்கள். தளர்ந்த கணுக்காலைத் தாங்கும் வாரும், பூட்ஸோடு பொருத்திய காலிப்பர் என்ற கால்தாங்கியும் செய்வதற்கும் அதே வகைத் திறன்தான் தேவைப்பட்டது. மேல்நாட்டாரின் காலுக்கு ஷூ தைக்கும் பிரதேசம் தன் சொந்த ஜனங்களின் நடைக்கும் அவ்வாறு உதவிற்று.

வீடு திரும்பியவர்களை நிலையம் மறந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் நடக்கும் மறுவாழ்வு மேளாவுக்குப் பழைய நோயாளிகள், சக்கர நாற்காலிகளிலும் ஊன்றுகோல்களிலும், வீட்டாரோடு வந்து கூடுகிறார்கள். உடல் பரிசோதனை நடக்கிறது, விளையாட்டும் பாட்டும் நடக்கின்றன. துணைக்கு வந்தவர்களுக்கு இக்கூட்டத்தில் கிடைக்கும் லாபம் பெரிது என்பது என் அபிப்பிராயம். ஊரில் தம்மைப் போல இன்னொருவரைக் கண்டறியாத ஒரு மனைவி, இன்னொரு மனைவியோடு மர நிழலில் உட்கார்ந்து, கோபம் வந்ததையும், ஓடிப்போய்விடலாமா என்று தோன்றியதையும், பிறகு வெட்கப்பட்டதையும் வாய்விட்டுச் சொல்ல வேறெங்கே இடமிருக்கிறது?

அந்த ஆம்பூர்ப் பெண்மணிக்குச் சட்டம் செய்வதையும் கவனிக்க வேண்டும். 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் பிறந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யின்படி, காப்பீடு பெற்ற தொழிலாளிக்குச் சாதாரண நோய்க்கு வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும், ஒருபக்கம் விளங்காமற் போதல் போன்ற நீண்ட வியாதிகளுக்கு, தகுதிக் காலத்தை நிறைவு செய்திருந்தால், இரண்டு வருஷம் வரை 80 சதவீதமும் கிடைக்க வழியுண்டு. நல்ல ஏற்பாடு அது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவதும் நல்ல ஏற்பாடு. அவளோடு பாகாயத்தில் தங்குவதற்காக வேலையை விட்டுவந்த கணவருக்கோ, படிப்பை நிறுத்திய மகளுக்கோ ஈ.எஸ்.ஐ.யில் ஈட்டுத்தொகை இல்லை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மிகுதியான உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பவர் படி வழங்குவதைப் பற்றிப் பேசுகிறது. மறதியும் சுபாவ மாற்றமும் மட்டுமே எஞ்சிய ஒருத்தி, நடமாடுகிற காரணத்தினாலேயே, அந்த வரம்புக்குள் வருவது கடினம். துணையாளும் வைத்தியர்களில் ஒருவர் என்பதைப் பாகாயம் 1957-லேயே ஒப்புக்கொண்டுவிட்டது. மறுவாழ்வுப் பயிற்சிக்குத் துணையிருக்கும் ஒருவருக்கு, அந்தப் பயிற்சிக் காலத்துக்காவது, நோயாளிக்குக் கிடைக்கும் அதே விகிதத்தில் சம்பள ஈடு கொடுக்க ஈ.எஸ்.ஐ. விதிகளைத் திருத்த வேண்டும். ஷூ கம்பெனிகள் நிறைந்த இந்த ஜில்லாக்களின் தொழிற்சங்கங்கள் அதைக் கேட்கத் தொடங்கினால், கேட்பதற்கு வேண்டிய சான்றுகளெல்லாம் பாகாயத்திலேயே இருக்கின்றன.